மகிழ மரத்தடியில் பெண் வீட்டாராக

சுந்தரர் சங்கிலியாருக்குச் செய்துகொடுத்த சத்தியத்தை நேரில் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. பெரியபுராணத்தில் படித்திருக்கிறேன், சொற்பொழிவுகளில் கேட்டிருக்கிறேன். அந்தச் சத்தியம் நடந்ததாகச் சொல்லப்படும் திருவொற்றியூரும் மகிழ மரமும் சென்னைக்குள்ளேயே, ராயபுரம் தாண்டிக் கொஞ்சம் வடக்கே இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் மாசிப் பெருவிழாவில் அதே மரத்தடியில் அதை மறுபடி நடத்துகிறார்கள். மகிழடி சேவை என்று பெயர். தென் சென்னையில் சபாவுக்கு ஒன்றாக, அரங்குக்கு ஒன்றாக நாடகம் பார்த்துப் பழகிய நான், மேடையும் நாற்காலியும் இல்லாத ஒன்றைப் பார்க்க வடக்கே கிளம்பினேன்.

மெட்ரோவில் ஏறினால் திருவொற்றியூர் தேரடியிலேயே இறங்கிவிடலாம். 2021இல் வண்ணாரப்பேட்டையிலிருந்து விம்கோ நகர் வரை பாதை நீண்ட பிறகு வடசென்னைக்குப் போவது எளிதாகிவிட்டது. நான் வேண்டுமென்றே ராயபுரத்தில் இறங்கி, அங்கிருந்து சாலை வழியாகப் போனேன். சுந்தரர் இந்த ஊருக்கு நடந்து வந்தவர். பாதித் தூரமாவது தரையில் போகவேண்டும் என்று தோன்றியது.

ராயபுரம் ரயில் நிலையத்தின் பழைய கட்டடம் தூண்களோடு இன்னும் நிற்கிறது. 1856ஆம் ஆண்டு தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் இங்கிருந்துதான் வாலாஜா ரோடு வரை போனது. பிறகு சென்ட்ரலும் எழும்பூரும் வந்து கூட்டத்தை இழுத்துக்கொண்டன. நிலையத்திலிருந்து கிழக்கே திரும்பினால் காசிமேடு. மீன் ஏலம் முடிந்து, ஐஸ் உடைத்த தண்ணீர் தரையெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது. வலை பின்னும் ஆண்கள் நிழலில் உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து எண்ணூர் நெடுஞ்சாலையைப் பிடித்தால், ஒரு பக்கம் கடல், மறுபக்கம் துறைமுகத்துக்குக் காத்திருக்கும் கன்டெய்னர் லாரிகளின் வரிசை. ஓட்டுநர்கள் லாரிக்கு அடியில் படுதா விரித்துத் தூங்குகிறார்கள். சிலர் ஸ்டவ் பற்றவைத்துச் சோறு வடிக்கிறார்கள்.

கடல் என்று சொன்னேன். மணற்கரையை எதிர்பார்த்துப் போகிறவர்களுக்கு அங்கே பெரும்பாலும் கருங்கல் குவியல்தான் தெரியும். சென்னையில் துறைமுகம் கட்டிய பிறகு, தெற்கிலிருந்து கரையோரமாக வடக்கே நகரும் மணல் துறைமுகச் சுவரில் தடைபட்டது. தெற்கே மெரினா அகலமாக வளர்ந்தது. வடக்கே ராயபுரத்திலிருந்து எண்ணூர் வரை கடல் ஊருக்குள் ஏறி, குப்பங்களையும் தெருக்களையும் எடுத்துக்கொண்டது. மெரினாவில் காற்று வாங்கப் போகிற நாம் மிதிக்கும் மணலில் ஒரு பங்கு இந்தக் கரைக்கு வந்திருக்க வேண்டியது. அதை ஈடுகட்டக் கொட்டிய கற்கள்தான் இவை. அந்தக் கற்களுக்குப் பக்கத்தில், கடலைப் பார்த்தபடி பட்டினத்தாரின் சமாதிக் கோயில் இருக்கிறது. எல்லாவற்றையும் உதறிவிட்டு வந்தவர் கடைசியாக நின்ற ஊரும் இதுவே.

திருவொற்றியூர் தொழிலாளர்களின் ஊர். எம்.ஆர்.எஃப். நிறுவனம் 1946இல் பலூன் செய்யும் சிறு பட்டறையாகத் தொடங்கியது இங்கேதான். 1955இல் என்ஃபீல்டு புல்லட் இந்தியாவில் உருவாகத் தொடங்கியதும் இங்கேதான். விம்கோ தீப்பெட்டித் தொழிற்சாலையின் பெயரில் ஒரு நகரே இருக்கிறது. இன்னும் வடக்கே போனால் அசோக் லேலண்ட், அனல்மின் நிலையங்கள், மேற்கே மணலி சுத்திகரிப்பு ஆலை. ஷிப்டு முடிந்து சாப்பாட்டுப் பையோடு வெளியே வருகிறவர்களும், கோயிலுக்குப் பட்டுப் புடவையில் போகிறவர்களும் தேரடியில் ஒன்றாகக் கலந்து நடந்தார்கள். சிலர் சீருடையோடேயே கோயிலுக்குள் நுழைந்தார்கள். திருவிழாவுக்காக யாரும் இங்கே தங்கள் நாளை நிறுத்திவைப்பதில்லை. நாளோடு நாளாக விழாவையும் சேர்த்துக்கொள்கிறார்கள்.

கதை தெரியாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியபுராணத்தில் சேக்கிழார் இதை ஏயர்கோன் கலிக்காம நாயனார் புராணத்துக்குள் வைத்துச் சொல்கிறார். செங்குன்றத்துக்கு அப்பால் இருக்கும் ஞாயிறு என்ற ஊரில் பிறந்த பெண் சங்கிலி. கல்யாணப் பேச்சு எடுத்ததும் மயங்கி விழுந்தவள். சிவனடியாருக்கே மாலையிடுவேன் என்று உறுதியாக நின்றாள். பெற்றவர்கள் அவள் மனப்படியே திருவொற்றியூரில் கன்னிமாடம் அமைத்துக் கொடுத்தார்கள். கோயில் பூ மண்டபத்தில் திரைக்குப் பின்னால் இருந்து இறைவனுக்கு மாலை தொடுத்தாள். மாலையைக் கொடுக்கத் திரையை விலக்கிய ஒரு கணத்தில், சிவனின் தோழரான சுந்தரர் அவளைக் கண்டார். அவருக்கு ஏற்கெனவே திருவாரூரில் பரவையார் மனைவி. இருந்தும் சங்கிலியை மணம் முடித்துத் தரவேண்டும் என்று சிவனிடமே தூது கேட்டார்.

சிவன் சங்கிலியின் கனவில் வந்து சொன்னார். அவளுக்கு மறுப்பில்லை. ஒரே ஒரு நிபந்தனை வைத்தாள்: என்னைப் பிரிந்து போகமாட்டேன் என்று அவர் சத்தியம் செய்யவேண்டும். ஆரூரை விட்டு நெடுநாள் இருக்கமுடியாத சுந்தரர் ஒரு வழி பார்த்தார். சத்தியம் சன்னதியில் செய்வதாகத்தான் இருக்கும், அந்த நேரத்தில் நீர் கருவறையை விட்டு வெளியே போய் மகிழ மரத்தடியில் இருந்துகொள்ளும் என்று சிவனைக் கேட்டுக்கொண்டார். சிவனும் சரி என்றார். உடனே மறுபடி சங்கிலியின் கனவுக்குப் போனார். அவர் சன்னதிக்கு வந்தால் அங்கே வேண்டாம், மகிழடியிலே சத்தியம் செய்யட்டும் என்று சொல் என்றார். மறுநாள் தோழிப் பெண்கள் அப்படியே சொன்னார்கள். சுந்தரர் திகைத்தார். மறுத்தால் காரணம் சொல்லவேண்டும். மரத்தை மூன்று முறை வலம்வந்து சத்தியம் செய்துகொடுத்தார்.

இந்தக் கதையை இத்தனை நாள் பக்திக் கதையாகவும், நட்பின் விளையாட்டாகவும்தான் நினைத்திருந்தேன். கோயிலுக்குள் நின்று பார்த்தபோதுதான் அதன் நாடகக் கட்டுமானம் புரிந்தது. கதை முழுக்க யார் எங்கே நிற்கிறார்கள் என்பதைப் பொறுத்தது. கருவறை இங்கே, மரம் அங்கே. இரண்டுக்கும் நடுவே நாலு நிமிட நடை. சாட்சி சொல்ல வேண்டியவர் ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு நகர்ந்துவிட்டார், சத்தியம் செய்பவருக்கு அது தெரியாது. இதைத் திரைவைத்த மேடையில் போட்டால் இரண்டு படுதாக்களும் கொஞ்சம் வசனமும் தேவைப்படும். திருவொற்றியூரில் எதுவும் தேவையில்லை. கல்லும் மரமும் ஏற்கெனவே நிற்கின்றன. கதைக்காக ஊரை ஏற்பாடு செய்யவில்லை. ஊரின் அமைப்பே கதையாக இருக்கிறது.

மேற்கே இப்போது பார்வையாளரை உள்ளே இழுத்துக்கொள்ளும் நாடகங்களுக்குப் பெரிய வரவேற்பு. லண்டனின் பஞ்ச்டிரங்க் குழு மேக்பெத்தை வைத்து உருவாக்கிய ‘ஸ்லீப் நோ மோர்’ நியூயார்க்கில் 2011இல் தொடங்கி 2025 ஜனவரி வரை ஓடியது. பல மாடிக் கட்டடம் முழுக்க அறைகள். வருகிறவர்களுக்கு வெள்ளை முகமூடி தருவார்கள். பேசக்கூடாது. யார் பின்னால் வேண்டுமானாலும் போகலாம், எந்த இழுப்பறையையும் திறந்து பார்க்கலாம். அதைப் பற்றி ஆர்வத்தோடு படித்திருக்கிறேன், அந்த உழைப்பின் மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் நம் பக்கத்தில் இது புதிதில்லை என்பதையும் சொல்லவேண்டும். காசிக்கு எதிர்க்கரையில் ராம்நகர் ராம்லீலாவில் ஒரு மாதம் ஊரே அயோத்தியாகவும் இலங்கையாகவும் மாறும். காட்சிக்குக் காட்சி மக்கள் ராமனோடு நடந்து போவார்கள். நம் வட தமிழ்நாட்டுத் திரௌபதி அம்மன் விழாக்களில் அர்ச்சுனன் தபசு மரத்தின் உச்சியிலிருந்து எறியும் எலுமிச்சம்பழத்துக்காகக் குழந்தையில்லாத பெண்கள் கீழே மடியேந்தி நிற்பார்கள். படுகளத்தன்று மண்ணில் மல்லாந்து கிடக்கும் பிரம்மாண்டமான துரியோதனனைச் சுற்றி ஊரே கூடும், ஒப்பாரி கேட்கும். ந. முத்துசாமி புரிசைக் கூத்தைக் கண்டு தன் நாடகப் பாதையையே மாற்றிக்கொண்டு 1977இல் கூத்துப்பட்டறையைத் தொடங்கினார். கூத்துக்கு இருக்கும் அந்தக் கவனம், கோயில் விழாவுக்குள் ஒளிந்திருக்கும் நாடகத்துக்கு நாடகக்காரர்களிடமிருந்து இன்னும் வரவில்லை. அது பக்தர்களுடையது, நமக்கு அங்கே என்ன வேலை என்று ஒதுங்கிவிடுகிறோம். நானும் அப்படித்தான் இத்தனை காலம் இருந்தேன்.

நான் போன அன்று காலையில், கல்யாணசுந்தரராகச் சிவனுக்குத் திருக்கல்யாணம். அப்போதே கோயிலுக்குள் கால் வைக்க இடமில்லை. பெண்கள் புதுத் தாலிக்கயிறும் மஞ்சளும் கொண்டுவந்திருந்தார்கள். மாங்கல்யதாரணம் ஆனதும் அங்கங்கே உட்கார்ந்து ஒருவருக்கொருவர் உதவிக் கயிறு மாற்றிக்கொண்டார்கள். முன்பின் தெரியாத பெண்ணிடம் கழுத்தைக் காட்டி முடிச்சைப் போடச் சொல்கிறார்கள். முடிச்சைப் போடும் பெண் அவளுக்கு நெற்றியில் குங்குமமும் வைத்து விடுகிறாள். பிறகு இரண்டு பேரும் தங்கள் வழியில் போய்விடுகிறார்கள். இதை வேறெந்தக் கல்யாணத்திலும் நான் பார்த்ததில்லை.

வெயில் தாழும்வரை கோயிலைச் சுற்றினேன். ஆதிபுரீசுவரர் சன்னதியின் விமானம் பின்புறம் வளைந்த தூங்கானை மாடம். முதலாம் ராஜேந்திரன் காலத்தில் கருங்கல்லால் எடுத்துக் கட்டியது. உள்ளே இருக்கும் லிங்கம் புற்று வடிவம். ஆண்டு முழுக்கக் கவசத்துக்குள் இருக்கும், கார்த்திகைப் பௌர்ணமியை ஒட்டி மூன்று நாள் மட்டுமே கவசம் திறப்பார்கள். சுவர்களெல்லாம் கல்வெட்டு. இலக்கணம் கற்பிக்கும் மண்டபத்துக்கு நிலம் விட்டதிலிருந்து விளக்கெரிக்க ஆடு கொடுத்தது வரை எல்லாம் உண்டு. அவற்றில் ஒன்று என்னை வெகுநேரம் நிறுத்தியது. 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் ராஜாதிராஜன் இந்தக் கோயிலில் அமர்ந்து ஆளுடைய நம்பியின் ஸ்ரீபுராணம் கேட்டதைச் சொல்லும் கல்வெட்டு அது. ஆளுடைய நம்பி என்றால் சுந்தரர். சோழச் சக்கரவர்த்தி திருவிழாக் கூட்டத்தில் உட்கார்ந்து, இந்த ஊரில் ஒரு பெண்ணுக்கு வாக்குக் கொடுத்துவிட்டுப் போனவரின் கதையைக் கேட்டிருக்கிறான். ஏறக்குறைய 850 ஆண்டுகளுக்கு முன்பே இந்தக் கதைக்கு இந்த இடத்தில் பார்வையாளர் இருந்திருக்கிறார்கள். கல்லில் பொறிக்கும் அளவுக்கு அது முக்கியமான நிகழ்வாகவும் இருந்திருக்கிறது.

இருட்டியதும் கூட்டத்தின் போக்கு மாறியது. காலையில் எல்லோரும் சன்னதியைப் பார்த்து நெருக்கினார்கள். இப்போது மகிழ மரத்தைப் பார்த்து நகர்ந்தார்கள். நான் பழக்கதோஷத்தில், நல்ல கோணம் கிடைக்கும் என்று கொஞ்சம் தள்ளி ஒரு தூணோரமாக நின்றுகொண்டேன். நாடகம் பார்க்கிறவர் நிற்கும் இடம் அது. பக்கத்தில் ஒரு பாட்டியம்மா, இடுப்பில் பேத்தி. என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“இன்னாம்மா, மொத தபாவா?”

“ஆமாம்மா.”

“அப்ப இங்க நிக்காத. இங்க நின்னா எல்லாரு முதுகும்தான் தெரியும். மரத்தாண்ட வா.”

என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு கூட்டத்துக்குள் புகுந்தார். யாராவது முறைத்தால், “வெளியூரு பொண்ணு, மொத தபா வந்திருக்குது, உடுங்க” என்றார். வழி கிடைத்தது. மரத்துக்குப் பக்கத்தில் போய் நின்றதும், மூச்சு வாங்கியபடி எனக்குச் சொன்னார்: “நாமெல்லாம் பொண்ணூட்டுக்காரங்க. சங்கிலி நம்ம பொண்ணு. நம்மதான் முன்னால நிக்கணும்.”

பெண் வீட்டார் என்று சொன்னதும் என் நிலையே மாறிப்போனது. அதுவரை ஒரு சடங்கைக் கவனிக்க வந்தவளாக இருந்தேன். இப்போது எனக்கு இங்கே ஒரு பங்கு இருக்கிறது, ஒரு கவலையும் இருக்கிறது. பெண்ணைக் கொடுக்கப் போகிறோம், மாப்பிள்ளை ஏற்கெனவே கல்யாணம் ஆனவர், ஊர் ஊராகப் போகிறவர். அவர் வாக்கை நம்பலாமா? நியூயார்க்கில் முகமூடி கொடுத்து வந்தவரை யாருமில்லாதவராக ஆக்குகிறார்கள். திருவொற்றியூரில் உறவுமுறை கொடுத்துவிடுகிறார்கள். இரண்டுமே பார்வையாளரை உள்ளே சேர்க்கும் வழிகள்தான். எனக்கு இரண்டாவது வழியே பெரிதாகப் படுகிறது, ஏனென்றால் அதில் பொறுப்பு இருக்கிறது.

நாதஸ்வரம் நெருங்கி வந்தது. தீவட்டி வெளிச்சமும் டியூப்லைட்டும் கலந்த வெளிச்சத்தில் சாம்பிராணிப் புகை மேலே ஏறியது. குடை அசைந்து வந்தது. சுவாமி மரத்தடிக்கு எழுந்தருளினார். பக்கத்தில் இருந்தவர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். என்னை அழைத்துவந்த பாட்டியம்மா மட்டும் திரும்பி, கருவறை இருக்கும் திசையைக் கையால் காட்டினார்.

“சாமி இப்ப அங்க இல்ல. இங்க வந்துட்டாரு.” பிறகு சுந்தரர் வரும் பக்கம் தலையை ஆட்டி, குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அவருக்குத்தான் தெரியாது.”

உடம்பு சிலிர்த்தது. அந்தக் கூட்டத்தில் இருந்த ஆயிரக்கணக்கானவர்களுக்கும் அந்த ரகசியம் தெரியும். சங்கிலிக்குத் தெரியும், தோழிகளுக்குத் தெரியும், மரத்துக்குத் தெரியும். வந்துகொண்டிருக்கும் ஒருவருக்கு மட்டும் தெரியாது. ஊரே சேர்ந்து ஒரு பெண்ணின் பக்கம் நின்றுகொண்டு, அவர் வந்து சேர்வதற்காகக் காத்திருக்கிறது. நாடகத்தில் பார்வையாளருக்குத் தெரிந்து பாத்திரத்துக்குத் தெரியாமல் இருப்பதன் சுவையைப் பற்றி எத்தனையோ படித்திருக்கிறேன். அந்தச் சுவையை நூற்றுக்கணக்கான தோள்களோடு தோள் உரசி நின்று, பாட்டி ஒருவரின் கிசுகிசுப்பில் கேட்டது இதுவே முதல் முறை.

சுந்தரரும் சங்கிலியாரும் மரத்தடிக்கு வந்தார்கள். ஓதுவார் தேவாரம் பாடினார். மரத்தடியில் சத்தியம் நடந்தேறியது. தீபாராதனை காட்டியபோது தட்டின் வெளிச்சம் மரத்தண்டின் மேல் ஏறி, பட்டையின் வெடிப்புகளை ஒரு கணம் காட்டிவிட்டு இறங்கியது. பின்னால் இருந்த கூட்டம் முன்னால் சாய்ந்தது, முன்னால் இருந்தவர்கள் பின்னால் சாய்ந்து தாங்கினார்கள். அப்படி ஓர் அலை வந்து போனது. கணவனும் மனைவியுமாக வந்திருந்த பலர் கையைக் கோத்துக்கொண்டிருந்தார்கள். இந்தச் சேவையைச் சேர்ந்து பார்த்தால் தம்பதியர் பிரியமாட்டார்கள் என்பது இங்கத்து நம்பிக்கை.

என் பக்கத்தில் வேறு விதமான பேச்சு ஓடியது.

“சத்தியம் பண்ணி இன்னா பிரயோஜனம்? போயிட்டாரே.”

“போனாரு, கண்ணு போச்சு இல்ல?”

“கண்ணு திரும்ப வந்துடுச்சே. அவுங்க வூட்டுக்காரரா வந்தாரு?”

இடுப்பில் இருந்த பேத்தி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். “அப்புறம் சங்கிலி எங்க போனாங்க ஆயா?” என்றாள்.

“எங்கயும் போல. இங்கயேதான் இருந்தாங்க.”

பெரியபுராணத்தை ஒரு முறைக்குப் பல முறை படித்தும் எனக்குத் தோன்றாத கேள்வி அது. சேக்கிழார் சுந்தரரோடேயே நடக்கிறார். வசந்தம் வந்து தென்றல் வீச, ஆரூரின் விழாவும் பரவையாரின் நினைவும் இழுக்க, அவர் ஒற்றியூர் எல்லையைத் தாண்டுகிறார். தாண்டியதும் இரண்டு கண்களும் இருண்டுவிடுகின்றன. முல்லைவாயில் வழியாகத் திருவெண்பாக்கம் போய் ஊன்றுகோல் பெறுகிறார். காஞ்சியில் இடக்கண், ஆரூரில் வலக்கண். கதை அவர் பின்னாலேயே தெற்கே போய்விடுகிறது. எல்லைக்கு இந்தப் பக்கம் நின்றுவிட்டவளைப் பற்றி, கயிலையில் மறுபடி உமையின் சேடியாகச் சேர்ந்தாள் என்பது தவிர அதிகம் இல்லை. இந்த ஊர் மட்டும் அவளோடு இருந்துவிட்டது. அவளுக்கு வாக்குக் கொடுத்த நாளை ஆண்டுதோறும் மரத்தடியில் திரும்ப நடத்தி, ஆமாம், நாங்கள் பார்த்தோம், எங்கள் கண்முன் சொன்னார் என்று சாட்சி சொல்லிக்கொண்டிருக்கிறது. சத்தியத்துக்கு எழுதிய பத்திரம் கிடையாது, பார்த்தவர்கள்தான் பத்திரம். அதனால்தான் இங்கே பார்வையாளர் இல்லாமல் நாடகம் இல்லை. பார்க்க வந்தவர் சும்மா போகமுடியாது, சாட்சியாகித்தான் போகவேண்டும்.

கடலுக்குப் போன கணவனுக்காகக் கரையில் காத்திருந்தவர்களும், தொழிற்சாலைக் கதவடைப்பில் தவித்தவர்களும், கொடுத்த வாக்கை மறந்துவிட்டுப் போனவர்களை நிறையப் பார்த்தவர்களும் வாழும் கரை இது. சங்கிலியை நம்ம பொண்ணு என்று இவர்கள் சொல்வதில் எந்தப் பாசாங்கும் இல்லை.

விழா அதோடு முடிவதில்லை. நிறைவாகக் கோயிலின் தியாகராஜர் 18 திருநடனம் புரிவார். சுவாமியைத் தோளில் சுமப்பவர்களின் காலில்தான் அந்த நடனம். முன்னும் பின்னும், பக்கவாட்டிலும், சுழன்றும் அவர்கள் வைக்கும் அடிகளில் தெய்வம் ஆடும். ஆடுகிறவர்களை யாரும் பார்ப்பதில்லை, எல்லோரும் ஆடும் சுவாமியைப் பார்க்கிறார்கள். நடிகர் தன்னை மறைத்துக்கொள்வது எப்படி என்று பயிற்சிப் பட்டறைகளில் சொல்லித்தர நாள்கணக்காகும் பாடம் அது.

மறுநாள் காலை பேருந்தில் எர்ணாவூர், கத்திவாக்கம் தாண்டி எண்ணூர் முகத்துவாரத்துக்குப் போனேன். காரணம் ஓர் ஆறு. சுந்தரர் ஊன்றுகோல் பெற்ற திருவெண்பாக்கம் கொசஸ்தலையாற்றங்கரையில் இருந்த ஊர். 1940களில் பூண்டி நீர்த்தேக்கம் கட்டியபோது அந்தப் பழைய கோயில் இருந்த இடம் நீருக்குள் போனது. கோயிலைப் பூண்டியில் புதிதாக எழுப்பினார்கள், அங்கே சுந்தரர் கையில் கோலோடு நிற்கிறார். அவர் கோல் ஊன்றி நின்ற மண்ணின் மேல் தேங்கும் நீரைத்தான் சென்னை குடிக்கிறது. அதே கொசஸ்தலையாறு கிழக்கே ஓடி, திருவொற்றியூருக்கு வடக்கே எண்ணூரில் கடலைச் சேர்கிறது. கண்ணிழந்தவர் மேற்கே போன பாதையும், அந்த நீர் கிழக்கே திரும்பி வரும் பாதையும் மனத்துக்குள் ஒன்றாக ஓடிக்கொண்டிருந்தன.

முகத்துவாரத்தில் வாக்குத் தவறியதன் இன்னொரு பக்கம் தெரிகிறது. அனல்மின் நிலையச் சாம்பல் கலந்து கழிமுகத்தின் தரை மேடிட்டுப் போயிருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவு வந்து, படகு, வலை, அலையாத்திச் செடி எல்லாவற்றின் மேலும் கருப்பாக ஒட்டியது. மீனவர்களே வாளியும் முறமுமாக இறங்கி அதை அள்ளினார்கள். நான் போன காலையில் இடுப்பளவு நீரில் பெண்கள் வரிசையாகக் குனிந்து, சேற்றுக்குள் கையை விட்டுத் துழாவி இறால் பிடித்துக்கொண்டிருந்தார்கள். பிடித்ததை வாயில் கவ்விய பறிக்கூடையில் போட்டார்கள். எவ்வளவு கிடைக்கிறது என்று கேட்டேன். “முன்ன மாதிரி இல்ல” என்று மட்டும் ஒருவர் சொன்னார். இந்த ஆற்றுக்கும் கரைக்கும் எத்தனையோ பேர் எத்தனையோ உறுதிமொழி கொடுத்திருக்கிறார்கள். அவற்றுக்குச் சாட்சியாக நின்றவர்களும் இதே ஊர்க்காரர்கள்தான்.

சென்னையில் நாடகம் செய்கிறவர்களுக்கும் நாடகம் படிக்கிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பார்வையாளரோடு கலப்பது எப்படி என்று வெளிநாட்டுக் காணொளிகளைப் பார்ப்பதோடு, ஒரு மாசி மாலை திருவொற்றியூருக்கும் வாருங்கள். தேரடி நிலையத்தில் இறங்கினால் கோயில் நடக்கும் தூரம். நாள் ஒவ்வோர் ஆண்டும் மாசி மகத்தை ஒட்டி மாறும், கோயிலில் விசாரித்துக்கொள்ளுங்கள். இருட்டுவதற்கு முன்பே போய்விடுங்கள், செல்போனைப் பையில் வைத்துவிடுங்கள், தூணோரமாக ஒதுங்காதீர்கள். மரத்துக்குப் பக்கத்தில் பெண் வீட்டாருக்கு எப்போதும் இடம் உண்டு.